சேட்டலைட் வரும் நாள்

எனக்குச் சோறு போடுவது கனடாவில் எரிந்த காடு. இப்படிச் சொன்னால் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் வீட்டில் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். போன கோடையில் கனடாவில் பற்றிய தீயின் புகையை, பத்து நிமிடத்துக்கு ஒரு சேட்டலைட் படமாக, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எங்களுக்கு அனுப்பும். அந்தப் புகை காட்டை விட்டுக் கிளம்பி, பெரிய ஏரிகளைத் தாண்டி, நியூயார்க் பக்கம் போய்க் கடலில் இறங்கும். அதுவரைக்கும் ஒவ்வொரு படத்திலும் அதன் ஓரத்தைச் சுற்றி நாங்கள் கோடு போட வேண்டும். அடுத்த தடவை எந்த ஊர்க்காரனை ஜன்னலை மூடச் சொல்லலாம் என்று கணக்குப் போட அவர்களுக்கு அது உதவுமாம். நான் கோடு போட்டதை வைத்து எங்கேயோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை இருமாமல் தூங்கினால் எனக்கும் சந்தோஷம்தான்.

புகைக்கும் மேகத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. இரண்டும் வெள்ளையாக, பஞ்சு பிய்த்துப் போட்டது மாதிரி இருக்கும். எங்கள் டீம் லீடர் சுடலைமுத்து, நாங்குநேரிப் பக்கத்துக்காரர், சேர்ந்த முதல் நாளே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்.

"சந்தேகமா இருந்தா படத்த பின்னால ஓட்டிப் பாரு பிள்ள. மேகம்னா நடுவழியில காணாமப் போயிரும். பொகைன்னா ஒடுங்கி ஒடுங்கி ஒரு எடத்துல போயி நிக்கும். அங்க எவனோ கொளுத்திருக்கான்னு அர்த்தம்."

அதிலிருந்து நான் போட்ட கோட்டை யாரும் திருத்தியதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

இன்னொரு திமிரும் உண்டு. அது என் ரோஜா. பாகலூரிலிருந்து உள்ளே போகும் மண் சாலையில், கர்நாடக எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் தோட்டம். அப்பா திம்மராயன் இருந்தபோது பிளாஸ்டிக் ஷீட் கூரையோடு போட்ட பாலிஹவுஸ் அது. அவர் போனபிறகு அதைப் பிரித்து இரும்புக் கடைக்குப் போடப் பார்த்தார்கள். நான்தான் விடவில்லை. சம்பளத்தைக் கொட்டி ஷீட் மாற்றி, புது நாற்று வைத்து, விடியற்காலையிலும் ஆபீஸ் விட்டு வந்தும் அதிலேயே கிடந்தேன். அம்மா செல்வம்மாள் கூடவே நின்றாள். வெட்டும்வரை விரிந்துவிடாமல் மொட்டு ஒவ்வொன்றுக்கும் சின்ன வலைக் குல்லா மாட்டுவதில் அம்மாவின் கை வேகம் யாருக்கும் வராது.

அண்ணன் அன்புமணிக்குப் பூவில் நம்பிக்கை இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் தைல மரத் தோப்புக்குப் பின்னால் இருக்கும் கல்லுக்காட்டை அப்பா அவனுக்குத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தார். அதை எவனுக்கோ கோழிப் பண்ணைக்கு விட்டிருப்பதாகச் சொன்னான். தோட்டத்து நிலத்தை ஒரு குடோன் கம்பெனிக்கு விற்க வேண்டும் என்பது அவன் ஆசை. அது அப்பா பெயரிலேயே நின்றுவிட்டதால் மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். அம்மா போட்டுவிடுவாள். நான்தான் பாக்கி. நான் என் பங்கை விட்டுக் கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். விடுதலையாம்! பெண் பிள்ளையை அவள் நிலத்திலிருந்து விடுதலை செய்கிறார்கள், எவ்வளவு பெரிய மனசு.

ஆயுத பூஜை அன்று பேச்சு முற்றியது. நான்தான் வீம்பாக வாயைக் கொடுத்தேன். "வர்ற பிப்ரவரியில லவ்வர்ஸ் டேக்குப் பூ போறத பாருண்ணா. நல்லபடியா பெங்களூரு போய்ச் சேர்ந்தா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. போவலன்னா நானே வந்து கையெழுத்து போடறேன்."

அண்ணன் சிரித்துக்கொண்டே பொரியை அள்ளி வாயில் போட்டான். "அவ்ளோதான? சரி விடு," என்றான். அம்மா இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு வைத்தாள். அத்தோடு சண்டை தீர்ந்தது என்று நம்பினேன்.

மார்கழியில் புகை வர ஆரம்பித்தது. பனியோடு பனியாக, விடியும்போதே தரையோடு தவழ்ந்து வரும். ரப்பரும் ஒயரும் கருகுகிற நாற்றம். எந்தத் திசை என்று நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியாது. ஏரி, தோப்பு, எதிர்க் கரை எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறத்தில் மூடிவிடும். வெயில் நன்றாக ஏறி அது விலகியபின் பார்த்தால் மொட்டுகளின் வலைக் குல்லாக்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி. துடைத்தால் இதழில் ஈஷிக்கொள்ளும். பெங்களூரில் பூ எடுப்பவர் முதல் லோடைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ரோஜாவ அடுப்படியில வளத்தீங்களா?" என்று போனில் கேட்டார். அன்று நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் ஊரில் எந்தக் கெட்டது வந்தாலும் அது கர்நாடகத்திலிருந்துதான் வரும். அவர்களுக்கு எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வரும். புகையும் அப்படித்தான். அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "கம்பெனிக்காரனுங்க சுத்தி ஷீட்டு அடிச்சி உள்ள எரிக்கறானுங்கோ. கேட்டா கன்னடத்துல கத்தறான். உள்ளயே உடல," என்றான். ஊரைக் கூட்டி மனு எழுதியதும் அவன்தான். இந்தப் பக்கத்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் அது எங்கள் எல்லை இல்லை என்றார்கள். அந்தப் பக்கத்து ஆபீஸில் மனு தமிழில் இருக்கிறது என்றார்கள். அலைந்துவிட்டு வந்த அண்ணனுக்கு நான் மோர் கலந்து கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கண்டம் விட்டுக் கண்டம் புகையைத் துரத்துகிறவள், வீட்டு வாசலுக்கு வரும் புகையைப் பிடிக்க மாட்டேனா என்று ஒருநாள் தோன்றியது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். கனடாவைப் பார்க்கும் சேட்டலைட் ஒரே இடத்தில் நின்று கண் கொட்டாமல் பார்க்கும். கண்டம் தெரியும், தோட்டம் தெரியாது. ஒரு கூரை தெரிகிற அளவுக்கு எடுக்கும் சேட்டலைட் சுற்றிக்கொண்டே இருப்பது. அது ஐந்து நாளுக்கு ஒருமுறைதான், காலை பத்தரை மணி வாக்கில், எங்கள் ஊருக்கு மேலே வரும். சாயங்காலத்துக்குள் படம் இணையத்தில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பழைய படங்களைத் தேடினேன். மார்கழி முழுக்க மேகம், ஒன்றிலும் தரை தெரியவில்லை. பொங்கலுக்குப் பிறகு வானம் வெளுத்துவிடும், இனி வருகிற படங்களில் மாட்டும் என்று காத்திருந்தேன்.

இதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அண்ணனிடம் சொல்லாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆதாரத்தோடு போய் அவன் முன்னால் போட்டு, "பாத்தியா உன் தங்கச்சிய?" என்று பீற்றிக்கொள்ள ஆசை, அவ்வளவுதான்.

அம்மா தட்டில் களியை வைத்துக் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "அவ்ளோ மேல இருந்து நம்ம ஊட்டுக் கூரை கூடவா தெரியும்?"

"தெரியும்மா. எரியற எடமும் தெரியும். யாரு நெலம்னு சர்வே நம்பரே சொல்லிடலாம்."

"தெனமும் வருமா பாப்பா அது?"

"அஞ்சு நாளைக்கி ஒருக்கா. வர்ற திங்கக்கெழம வரும். அப்புறம் சனிக்கெழம."

"அடேங்கப்பா," என்று அம்மா மோவாயில் கை வைத்தாள். என் வேலையைப் பற்றி அம்மா இவ்வளவு ஆசையாகக் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று ஒரு உருண்டை கூடச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமைப் படம் கண்ணாடி மாதிரி வந்தது. எங்கள் பாலிஹவுஸின் வெள்ளைக் கூரை, ஏரி, தோப்பு, எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் நீலக் கூரைகள். புகை இல்லை. சரி, இன்று எரிக்கவில்லை போல என்று விட்டேன். செவ்வாய் விடிந்தால் மூக்கைப் பொத்த வைக்கும் புகை. சனிக்கிழமைப் படம் வந்தது, சுத்தம். ஞாயிறு காலை அம்மா இருமிக்கொண்டே கரி பிடித்த குல்லாக்களைக் கழற்றினாள். ஒரு மொட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "பாவம், கொழந்த மாதிரி வளத்த," என்றாள். "அடுத்து எப்ப வருது உன் சேட்டலைட்டு? அதுலயாச்சும் ஆப்புடட்டும்."

"வியாழக்கெழம," என்றேன்.

வியாழக்கிழமையும் புகை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மதியம் சாப்பிடும்போது சுடலைமுத்துவிடம் மூன்று படங்களையும் காட்டிப் புலம்பினேன். மற்ற நாளெல்லாம் புகை வருகிறது, சேட்டலைட் வருகிற அன்றைக்கு மட்டும் நின்றுவிடுகிறது, என் தலையெழுத்தைப் பாருங்கள் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஒரு தடவன்னா சரி. மூணு தடவயுமா? தீக்கு நாளு கெழம தெரியாது பிள்ள. கொளுத்துதவனுக்குத்தான் தெரியும். நீ யாருட்டயாவது நாள சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல சார்," என்றேன். சொல்லி முடிக்கும்போதே களித் தட்டும் அம்மாவின் கேள்வியும் நினைவுக்கு வந்தன, டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். நல்ல மனிதர்.

இருக்காது, இருக்கவே இருக்காது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா அக்கம்பக்கத்தில் யாரிடமாவது பெருமையாக உளறியிருப்பாள், அது எல்லை தாண்டிப் போயிருக்கும், அவ்வளவுதான். அப்படியும் மனசு ஆறவில்லை. பெற்ற தாயைச் சோதித்துப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே சோதித்தேன்.

"அம்மா, இந்தத் தடவ நாளு மாறிப்போச்சி. செவ்வாக்கெழம வராது. பொதங்கெழமதான் வரும்," என்றேன்.

"பொதங்கெழமயா?"

"ஆமாம்மா. செவ்வாக்கெழம இல்ல."

அம்மா தலையாட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். உண்மையில் செவ்வாய்க்கிழமைதான் முறை. அதில் எந்த மாற்றமும் இல்லை.

செவ்வாய் காலை எழுந்ததும் கதவைத் திறக்கப் பயமாக இருந்தது. திறக்கவே வேண்டியிருக்கவில்லை, நாற்றம் ஜன்னல் வழியாகவே வந்துவிட்டது. அந்த மாதத்திலேயே மோசமான புகை அது. ஒருநாள் விட்டுப்போகப் போகிறதே என்று சேர்த்து வைத்து எரித்தார்களோ என்னவோ. நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்று முழுக்க என் கோடுகள் எல்லாம் கோணல். கனடாப் புகை ஏரிக்குள் போகிறதா வெளியே வருகிறதா என்றுகூடப் பிடிபடவில்லை. புகையைத் தேடியே பிழைப்பவள், இந்த ஒரு படத்தில் புகை இருக்கக்கூடாது என்று எங்கள் ஊர் மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை. எவனோ ஒரு அயோக்கியன் எரித்திருந்தால் போதும். எனக்குத் தெரியாதவனாக இருந்தால் போதும்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் படம் ஏறியது.

இதைப் பார்க்கச் சுடலைமுத்து தேவையில்லை, பின்னால் ஓட்டவும் தேவையில்லை. எங்கள் வெள்ளைக் கூரையின் மேல் சாம்பல் நிறத்தில் அகலமாகப் படர்ந்திருந்தது புகை. அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே விரலை நகர்த்தினேன். ஏரிக்கு மேலே கொஞ்சம் ஒடுங்கியது. தோப்பைத் தாண்டும்போது இன்னும் ஒடுங்கியது. எல்லைக்கு அது போகவே இல்லை. தைல மரங்களுக்குப் பின்னால், கறுத்துப்போன ஒரு திட்டில் போய் நூலாக நின்றது. அண்ணனின் கல்லுக்காடு. கோழிப் பண்ணை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொட்டகைகூட இல்லை. முன்னால் வந்த மூன்று படங்களிலும் அந்தத் திட்டு இருந்திருக்கும், எல்லைக்கு அந்தப் பக்கமே தேடிக்கொண்டிருந்த என் கண்ணில்தான் படவில்லை.

அண்ணன் செய்ததை நான் அந்த நாற்காலியிலேயே ஜீரணித்துவிட்டேன். அவனுக்கு நிலம் வேண்டும், அவன் எரிக்கிறான். எந்தக் கம்பெனிக் கழிவையோ எரிக்க விட்டு இரண்டு பக்கமும் லாபம் பார்க்கிறான். ஊரைக் கூட்டி மனு எழுதிய நடிப்பைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடலாம். ஆனால் சேட்டலைட் வரும் நாளை அவனுக்குச் சொன்னது யார்? கூட நின்று குல்லா மாட்டிய கை, கரியைத் துடைத்த கை, எனக்குக் களி உருட்டி வைத்த கை. கூட இருந்தே குழி பறித்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பாலிஹவுஸுக்குள் இருந்தாள். பொழுது இன்னும் இருட்டவில்லை. நான் பையைக்கூட இறக்காமல் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது நம்ம கூர. இது ஏரி. இது என்னா எடம்னு நீயே சொல்லு."

அம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்தவுடன் புரிந்துவிட்டது. கையிலிருந்த குல்லாக்களைக் கூடையில் போட்டாள்.

"பொதங்கெழமன்னு சொன்னியே பாப்பா," என்றாள்.

மறுப்பாள், சத்தியம் செய்வாள், அழுவாள் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்து வந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை. நான் அவளை ஏமாற்றிவிட்ட மாதிரி கேட்டாள்.

"எத்தன நாளாம்மா தெரியும்?"

"மொதல்லேர்ந்தே தெரியும். கையெழுத்து கேட்டா நீ போடமாட்ட. சண்ட போடுவ, கோர்ட்டுக்குப் போவ. அண்ணன் தங்கச்சி கோர்ட்டு வாசல்ல நிக்கறத நான் கண்ணால பாக்கணுமா? பூவு கெட்டுப் போச்சின்னா நீயே மனசு உட்டுப்போயி போட்டுடுவன்னு சொன்னான். யாருக்கும் மனக்கசப்பு இல்லாம முடிஞ்சிரும்னு நெனச்சேன்."

"மனக்கசப்பு இல்லாமயா? இந்தப் பூவ பாத்து அழுதியே, அது?"

"அது நெசம் பாப்பா. சாமி சத்தியமா நெசம். வயிறு எரிஞ்சிதான் அழுதேன்." அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "நீ நாளைக்கி ஒருத்தன் ஊட்டுக்குப் போற பொண்ணு. கடைசி காலத்துல எனக்குக் கஞ்சி ஊத்தறவன் அவன்தான். நான் யார் பக்கம் நிக்கறது, சொல்லு?"

அழுகை நிஜம் என்பதை நான் நம்பினேன். அதுதான் கொடுமை. பொய்யாக அழுதிருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இவள் என் பூவுக்காக அழுதுகொண்டே அதன் மேல் கரி விழவும் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரே ஒரு வார்த்தை, "தப்புதான் பாப்பா" என்று அவள் சொல்லியிருந்தால், அந்தப் படத்தை அங்கேயே அழித்திருப்பேன். கையெழுத்தைக்கூடப் போட்டுத் தொலைத்திருப்பேன். எனக்கு நிலம் அவ்வளவு பெரிதில்லை. நான் நின்றேன். அவள் வாய் திறப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"இத யாருக்காச்சும் அனுப்பிட்டியா?"

"இல்லம்மா."

அவள் முகம் தெளிந்தது. மூச்சை விட்டுச் செடியைப் பிடித்துக்கொண்டாள். மகன் தப்பித்தான் என்கிற நிம்மதி அது. என்னைப் பெற்ற முகம்தான், அதில் என்னைத் தேடித் தேடிப் பார்த்தேன். நான் எங்கேயும் இல்லை.

ஊர் குரூப்பைத் திறந்தேன். படத்தைப் போட்டேன். கறுத்த திட்டைச் சுற்றிக் கோடு போட்டு, சர்வே நம்பரை எழுதி, அண்ணன் பெயரையும் எழுதினேன். மாசு ஆபீஸின் புகார் மெயிலுக்கும் அதையே அனுப்பினேன். அம்மாவுக்கு எதிரில் நின்றுதான் எல்லாம் செய்தேன்.

"இப்ப அனுப்பிட்டேன்," என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை, அடிக்கவும் வரவில்லை. அவசர அவசரமாக இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அன்பு, இனிமே எரிக்காத சாமி. அந்தத் தீய மொதல்ல அணைக்கச் சொல்லு," என்றாள்.

இந்த ஒரு வரியை மார்கழியிலேயே சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?